மீன் இல்லாத கருவாட்டுக் குழம்பு

உணவுப் பாக்கெட்டின் பின்பக்கம் எனக்கு மனப்பாடம். சேர்த்த பொருள்கள், எடை கூடியதில் தொடங்கி இறங்கு வரிசையில். ஒவ்வாமை எச்சரிக்கை. நிகர எடை. தயாரித்த தேதி. பேட்ச் எண். எப்படிச் சூடாக்குவது, எங்கே வைப்பது. இவற்றில் ஒன்று தவறினாலும் சரக்கு ஆலையை விட்டு வெளியே போகக்கூடாது. போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் உணவு ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். படித்தது உணவுத் தொழில்நுட்பம். பிறந்தது மூணாறுக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தில்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் வரை ஆலையில் யாரிடமும் நான் சொன்னதில்லை. இங்கே எழுதப்போகும் கோபத்தில் முதல் பங்கு அதற்குத்தான்.

எங்கள் லயத்தில் தவக்காலம் தொடங்குவதை "சட்டி கவுத்தாச்சு" என்பார்கள். வருஷம் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வைத்த மண்சட்டியை விபூதிப் புதனுக்கு முந்தின நாள் சாம்பல் போட்டுத் தேய்த்து, அடுப்புக்கு மேலே பலகையில் கவிழ்த்துவிடுவார்கள். ஈஸ்டருக்குத்தான் அது நிமிரும். அதுவரை இறைச்சி, முட்டை, மீன், கருவாடு எதுவும் கிடையாது. பச்சை மீனை விடுவது பெரிய காரியமில்லை. மலைக்கு நல்ல மீன் எப்போதோதான் வரும். கருவாட்டை விடுவதுதான் கஷ்டம். காலையில் கட்டிக்கொண்டு போன சோறு கொழுந்துக் காட்டில் பனியில் விறைத்துப்போயிருக்கும். அதைத் தொண்டைக்குள் இறக்கப் புளிப்பும் காரமும் உப்புமாய் ஏதாவது வேண்டும்.

அதனால் வேறு சட்டி வைத்தார்கள். கருவாட்டுக்கு அரைக்கிற அதே மசாலா, அதே புளி, அதே சின்ன வெங்காயம். கருவாட்டுக்குப் பதில் வாட்டுகப்பை. மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவி, அரைவேக்காடாய் அவித்து, எலும்புபோல் காயவைத்ததுதான் வாட்டுகப்பை. கீழே அடிமாலிப் பக்கமிருந்து மூணாறு சந்தைக்கு வரும். நீளவாக்கில் வெட்டியதாகப் பார்த்து வாங்குவார்கள். ஊறவைத்து வேகவிட்டால் கருவாட்டுத் துண்டைப் போலவே நார்நாராய்க் கடிபடும். லேசான ஒரு வாடைகூட உண்டு. நாக்கை ஏமாற்றுவதற்காகவே வைத்த குழம்பு அது.

பக்கத்து வீட்டில் இருப்பவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் சி.எஸ்.ஐ. சபை. தவக்காலத்தை லெந்து என்பார்கள்; அந்த நாட்களில் அவர்களுக்கு மீன் விலக்கில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நெத்திலி வறுபடும்போது அத்தை குரல் கொடுப்பார்: "வாங்க மதினி, வந்து மோந்துட்டுப் போங்க. மோந்ததுக்கெல்லாம் ஒங்க சாமியாரு ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு."

"நீ தின்னு முடி. ஒனக்கும் சேத்து நான் செவம் சொல்லுதேன்," என்பாள் அம்மா. செபத்தைத்தான் அவள் அப்படிச் சொல்வாள்.

போன வருஷத் தவக்காலத்தில் ஒரு விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பும்போது அந்தக் குழம்பைத் தூக்கில் கொண்டுவந்தேன். மதிய இடைவேளையில் எங்கள் சமையல் பிரிவுத் தலைவர் ஒரு துண்டு எடுத்தார். அவரை எல்லோரும் செஃப் என்போம். தொடுபுழைப் பக்கத்துக்காரர், மலையாளத்தில்தான் பேசுவார்; என்னை மோளே, அதாவது மகளே, என்பார். வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இது எங்கேயிருந்து?"

"ஹைரேஞ்ச்," என்றேன்.

"அப்படிச் சொல்லு மோளே! எங்க அம்மச்சி வீட்டுப் பக்கம். வாட்டுகப்பை இல்லாத வீடு உண்டா அங்கே!"

நான் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. இடுக்கி மலைப்பகுதி முழுவதற்கும் பெயர் ஹைரேஞ்ச்; எங்கள் லயமும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் மனதில் ஏலத்தோட்டமும் ஓட்டு வீடும் முற்றமும் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து வீடு ஒரே சுவரில் ஒட்டிக்கிடக்கும் தகரக் கூரை வந்திருக்காது. கல்லூரி விடுதியில் நான் கற்றுக்கொண்ட சாமர்த்தியம் இது. அம்மா என்ன வேலை என்று கேட்டால் "டீ கம்பெனி". வீடு எங்கே என்றால் "மூணாறு". உடனே எதிரில் இருப்பவர் "அடேயப்பா, டூரிஸ்ட் இடமாச்சே!" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். நல்லபடியாக முடிந்ததே என்று அப்போதெல்லாம் நினைத்தேன்.

ஆலை அப்போது மலைநாட்டுச் சாப்பாட்டை வெந்நீரில் சூடாக்கித் தின்னும் பைகளில் அடைத்து விற்கும் திட்டத்தில் இருந்தது. செஃப் போய்ச் சொன்னார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். செய்முறையை எழுதித் தர முடியுமா? முடியும் என்றேன். பெருமையாக இருந்தது.

அடுத்த விடுமுறையில் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறினேன். அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்ததும் பிடுங்கித் தராசில் வைத்தேன். புளி, மிளகாய், மல்லி, சீரகம், தேங்காய், உப்பு. அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏட்டி, என் கையத் தூக்கி அதுல வையி. கை எடைக்குத்தான் ருசி." எங்கள் வரிசையில் சட்டி கவிழ்க்கிற மற்ற வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். சீரகம் கூட என்றாள் ஒருத்தி; பூண்டைத் தட்டித்தான் போட வேண்டும், அரைக்கக்கூடாது என்றாள் இன்னொருத்தி. சண்டை போட்டே முடித்தார்கள். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாக்கெட்டுல ஒரு வரி போடச் சொல்லு. எம்பேரு வேண்டாம். மூணாறு எஸ்டேட் லயத்துல பொம்பளைங்க தவக்காலத்துக்கு வைக்கிற குழம்புன்னு. அவ்வளவுதான்."

"போடுவாங்கம்மா," என்றேன்.

நாலைந்து மாதம் கழித்து அட்டையின் மாதிரி வந்தது. பின்பக்கத்தில், பொருள்களின் பட்டியலுக்கு மேலே, ஒரு கதை. பாக்கெட்டுகளில் எப்போதும் ஒரு கிழவி இருப்பாள், இதிலும் இருந்தாள். மலையாளக் கிறிஸ்தவப் பாட்டிகள் போடும் சட்டையும் முண்டும் காதில் வளையமுமாக ஓர் அம்மச்சி. காட்டைத் திருத்திக் குடியேறிய விவசாயக் குடும்பங்களின் அடுக்களையில் அவள் கைபட்டுப் பிறந்த அசல் கேரளச் சுவையாம். அம்மா தராசைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன். தரக் கட்டுப்பாட்டில் மூன்று தடவை படிப்பதுதான் வழக்கம்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார்: "ஆதாரம் இருக்கா?"

"எங்க அம்மா இருக்காங்க."

"அம்மா எல்லாருக்கும் இருக்காங்களே. செஃப் வீட்டுலயும் இதே கறி உண்டுங்கறாரு. புத்தகம் ஏதாவது இருக்கா? பழைய பத்திரிகை?"

அந்த அம்மச்சிக்கு என்ன புத்தகம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். லயத்துப் பெண்கள் மதியம் என்ன தின்றார்கள் என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அவர்கள் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்பதைத்தான் எழுதி வைத்தார்கள்.

எனக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கும் அம்மா கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். தென்னந்தோப்பும் மாடும் உள்ளவர். மனம் தாங்காமல் ஒருநாள் அவரிடம் சொன்னேன். அன்று நானே வைத்த குழம்பும் இருந்தது, ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, இதுக்கா இத்தன சண்டை? மல்லி வறுத்தரைச்ச புளிக் கொளம்புங்க இது. எங்கூட்டுல காலங்காலமா வெக்கறோம். இதுல குச்சிக்கெழங்கப் போட்டுட்டா மலையாளத்தாரு பண்டமாயிருமா?"

"எங்க லயத்துல வைக்கிறதுங்க."

"உங்க ஆளுக எங்கிருந்து போனாங்க? தமிழ்நாட்டுல இருந்துதானுங்களே? அப்பறமென்ன, நம்ம பண்டந்தான்." கிண்ணத்தை அலம்பிக் கொடுத்தார். "கெழங்கு மட்டும் வேண்டாங் கண்ணு. அது பஞ்ச காலத்துத் தீனி. அடுத்த வாட்டி கத்திரிக்கா போட்டு வெச்சுப் பாருங்."

ஆக, ஆலையில் அது மலையாளிகளுடையது. குடியிருக்கும் வீட்டில் அது தமிழர்களுடையது. எங்களை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டார்கள், குழம்பை வாங்கிக்கொள்வதற்காக. லயம் என்ற சொல்லை இரண்டு பேருமே தாண்டிப் போனார்கள். "எங்க வீட்டுலயும் உண்டு" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! "உங்க வீட்டுல ஏன் வைக்கிறாங்க?" என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அன்றிரவு நானே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். கிழங்கு: கீழிருந்து வந்த மலையாளக் குடியேற்றக்காரர்களுடையது. அதைக் காயவைக்கும் முறையும் அவர்களுடையதே. மசாலா: எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொண்டுவந்தது. தவக்காலம் முழுக்க மீனையும் விடுவது: அது திருச்சபை எங்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், இறைச்சி கூடாது, அவ்வளவுதான். ஐம்பது நாள் நோம்பு பிடிக்கும் மலையாளக் கிறிஸ்தவர்களைப் பார்த்து, நாம் மட்டும் குறைந்தவர்களா என்று எங்கள் பெண்கள் பிடித்துக்கொண்ட பழக்கம். சட்டி: சந்தையில் வாங்கியது.

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு என்று ஒரு பொருளும் மிஞ்சவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். செஃப் சொல்வதிலும் பாதி நிஜம், வீட்டுக்கார அம்மா சொல்வதிலும் பாதி நிஜம். ஆனாலும் செஃப் வீட்டில் இந்த மசாலா இல்லை. வீட்டுக்கார அம்மா வீட்டில் நோம்பு இல்லை. இரண்டும் ஒரே அடுப்பில் சேர வேண்டுமென்றால் பத்து வீடு ஒரே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் நெத்திலி வறுபட வேண்டும். அந்த இடத்தின் பெயரைத்தான் நான் ஒளித்துவைத்திருந்தேன்.

மறுநாள் மேலாளரிடம் போய் முழுதாகச் சொன்னேன். பிறந்த இடம், அம்மாவின் வேலை, லயம், கவிழ்ந்த சட்டி. அதன் பிறகு மூன்று மாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த ஒரு வரியைக் கேட்டேன். குரலை உயர்த்தியதில்லை. கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்வேன். ஏற்றியிருக்கிறார்களா என்று அடுத்த கூட்டத்தில் பார்ப்பேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். என் வாதத்துக்காக இல்லை. எஸ்டேட் பெண்கள் என்றால் படம் நன்றாக வரும் என்று விற்பனைப் பிரிவில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அம்மா முதுகில் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். "கூடை இப்ப கிடையாது. கொழுந்து வெட்டுற கத்தரியும் சாக்கும்தான். அம்மா சிரிக்கவும் மாட்டாங்க," என்றேன். படம் வேண்டாம், வரி மட்டும் போதும் என்று முடிந்தது.

இந்த வருஷத் தவக்காலத்துக்குள் சோதனைப் பைகள் தயாராயின. நான் ஒரு வாரம் வேறு ஓர் ஆலைக்குத் தணிக்கைக்குப் போயிருந்தேன். திரும்பிய அன்றே, ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், மலைக்குக் கிளம்பினேன். அச்சடிக்காத வெள்ளி நிறப் பைகள். மேலே பேட்ச் எண் மட்டும். நான்கு பைகளை எடுத்துக்கொண்டேன். அந்த பேட்ச் தாளை எடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. உடுமலைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்ற அவசரத்தில் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் வரிசைப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். அத்தையும் வந்திருந்தார். அந்த வரியை அச்சிலிருக்கும் மாதிரியே தாளில் எடுத்து வந்திருந்தேன், வாசித்துக் காட்டினேன். "மூணாறு எஸ்டேட் லயங்களில் பெண்கள் தவக்காலத்துக்கு வைக்கும் குழம்பு." அம்மா தாளை வாங்கி இன்னொரு தடவை தானே வாசித்தாள். மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள்.

"இனிமே மதினியப் பிடிக்க முடியாது. வெளிநாட்டுக்கெல்லாம் போவாக," என்றார் அத்தை.

பைகளை வெந்நீரில் போட்டு, வெட்டி, சோற்றில் ஊற்றினேன். முதல் கவளம் அம்மாவுக்கு. வாயில் வைத்தவள் மென்றாள். பிறகு மெல்லவில்லை.

"என்ன மதினி, கம்பெனிக் குழம்பு தொண்டையில எறங்கலையா?" என்று அத்தை சிரித்தார்.

அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நின்றாள். "யாரும் தின்ன வேண்டாம். இதுல கூனி கெடக்கு."

கூனி என்றால் காய்ந்த பொடி இறால். அத்தை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஆமா, கூனிதான்," என்றார். அன்றைக்குத் தின்னலாம் என்றிருந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் தட்டைத் தள்ளி வைத்தார்.

நான் பைகளை எடுத்துப் புரட்டினேன். புரட்டி என்ன? பேட்ச் எண் மட்டும்தான் இருந்தது.

"தெரியாமத் தின்னது பாவமில்ல," என்றாள் அம்மா என்னைப் பார்த்து. அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குப் போதுமான கோபத்தை விட்டுவைத்திருந்தாள். "ஆனா ஏட்டி, நாளைக்கி வேற எவளாவது நம்ம லயத்துப் பேரப் பாத்து நம்பித் தின்பாள்ல? பேர எடுக்கச் சொல்லு."

"கூனிய எடுக்கச் சொல்லுதேன்மா."

"அத எடுத்தா நல்லது. எடுக்கலன்னா பேர எடு. ரெண்டும் சேந்து இருக்கக் கூடாது."

திங்கட்கிழமை செஃப் எனக்கு விளக்கினார், பொறுமையாக. நான் இல்லாத வாரத்தில் ருசி பார்க்கும் குழு கூடியிருக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள்: நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது, கருவாட்டு வாசனை வருகிற மாதிரி வந்து வராமல் போகிறது. அவர் கொஞ்சம் கூனிப்பொடி சேர்த்திருக்கிறார். உடனே எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

"அந்தக் குறைதான் அந்தக் குழம்பு," என்றேன்.

"நீ எழுதின தாளில் அப்படி எதுவும் இல்லையே மோளே."

அது உண்மை. நான் எழுதிய தாளில் புளியின் புளிப்பு அளவு இருந்தது. கிழங்குத் துண்டின் நீளம் இருந்தது. பூண்டு தட்டியதா அரைத்ததா என்பது இருந்தது. மீன் சேர்க்கக்கூடாது என்பது இல்லை. பொருள்களின் பட்டியலில் சேர்க்காத பொருளை யார் எழுதுவார்கள்? லயத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லாத ஒன்று. அதனால் எனக்கும் எழுதத் தோன்றவில்லை. அட்டையில் தவக்காலம் என்று இருக்கிறதே என்றேன். தான் அட்டையைப் படிப்பதில்லை, செய்முறையைத்தான் படிப்பேன் என்றார். மேலாளரோ அட்டையை மட்டும்தான் படிப்பவர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலைக்கு ஆலையில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் பஸ் பிடிக்கப் போயிருந்தாள்.

மேலாளரிடம் கூனியை எடுக்கச் சொன்னேன். சோதனை முடிந்துவிட்டது, எடுக்க முடியாது என்றார். நோம்பு பிடிப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்றார். அசைவக் குறியும் இறால் எச்சரிக்கையும் அட்டையில் இருக்கும்போது சட்டப்படி என்ன குறை என்றார். ஒரு குறையும் இல்லை.

"அப்படின்னா அந்த வரிய எடுத்துடுங்க," என்றேன்.

அவர் சிரித்தார். உண்மையாகவே வேடிக்கையாக இருந்திருக்கும். "மூணு மாசம் என் தலையைத் தின்னு வாங்கின வரி. இப்ப வேண்டாமா? உங்க ஆளுங்களுக்கு என்னதான் வேணும்?"

உங்க ஆளுங்க. இரண்டு வருஷம் நான் ஹைரேஞ்ச்காரியாக இருந்தேன், மோளாக இருந்தேன். கேட்ட மூன்று மாதத்தில் ஆளுங்க ஆகிவிட்டோம். நான் பேனாவை எடுத்து அட்டையின் மாதிரியில் அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தேன். எங்கள் துறையில் அடித்ததைக் கிறுக்கி மறைக்கக்கூடாது. என்ன அடிக்கப்பட்டது என்பது பின்னால் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

இடம் காலியாக இருக்காது என்று தெரியும். அம்மச்சி திரும்பி வந்துவிட்டாள், காது வளையத்தோடு. பொருள்களின் பட்டியல் சரியாக இருக்கிறது என்று நான்தான் ஒப்பமிட்டேன். வாட்டுகப்பை, தேங்காய், சின்ன வெங்காயம், புளி, கூனி. இறங்கு வரிசை, ஒரு பிழை இல்லை. அதற்கு மேலே உள்ள கதை சரியா என்று சொல்ல என் படிவத்தில் கட்டம் இல்லை. அப்படி ஒப்பமிட்ட கை என்னுடையது. வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை.

கோப்பில் என் செய்முறைத் தாளை எடுத்தேன். அடியில் ஒரு கட்டம் வரைந்தேன். "சேர்க்கக்கூடாதவை: மீன், கருவாடு, கூனி, முட்டை, இறைச்சி. காரணம்: தவக்காலம். வைப்பவர்கள்: மூணாறு எஸ்டேட் லயப் பெண்கள். இப்போது ஆலை தயாரிப்பது இந்தக் குழம்பு அல்ல." அந்தக் கோப்பை யாரும் திறக்கமாட்டார்கள். திறந்தால் இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அம்மா மறுபடியும் தூக்கில் குழம்பு கொடுத்துவிட்டாள். மதியம் சாப்பாட்டு மேஜையில் மூடியைத் திறந்தேன். வாசனைக்குச் செஃப் எழுந்து வந்தார், கையில் கரண்டியோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"ஹைரேஞ்ச் கறியா?"

"இல்ல. எங்க லயத்துக் குழம்பு. மூணாறு எஸ்டேட். எங்க அம்மா கொழுந்து பறிக்கிறவங்க," என்றேன். மேஜையில் எல்லோருக்கும் கேட்டது.

"சரி, சரி. ஒரு துண்டு தா."

"தரமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக் கரண்டியை நீட்டினார். நான் மூடியைப் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். அவர் போகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.